சமாதானக் கூட்டத்தில் நமக்கும் நாற்காலி: ஊர்த் தகராறில் பெண்கள் பேச்சுவார்த்தைக்குப் போவது எப்படி

மாரியம்மன் பண்டிகையை ஒட்டி ஊர்ப் பக்கத்துக்கும் காலனிப் பக்கத்துக்கும் வந்த தகராறுக்காக எங்கள் ஊரில் நடந்த முதல் சமாதானக் கூட்டத்தின் தீர்மான நகல் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. தரப்புக்குப் பன்னிரண்டு பேராக இருபத்து நான்கு கையெழுத்து. ஒன்றுகூடப் பெண்ணுடையது இல்லை. எழுதியிருப்பது மூன்றே விஷயம்: இந்த வருடம் மாரியம்மன் பண்டிகையை இரு தரப்பும் நடத்துவதில்லை, அமைதிக்குப் பங்கம் வராமல் நடந்துகொள்கிறோம், மீறினால் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறோம். அந்தத் தாள் பதினோரு மாதம் தாங்கியது. அடுத்த வருடம் பண்டிகைக்குக் கம்பம் நடுகிற பேச்சு வந்ததும் மறுபடியும் கல் பறந்தது.

இரண்டாம் தடவை கூட்டம் போட்டபோது ஒன்பது பெண்கள் உள்ளே உட்கார்ந்தோம். ஊரில் ஐந்து பேர், காலனியில் நான்கு பேர். அன்று எழுதியது இரண்டரைப் பக்கம். அது இன்றுவரை நிற்கிறது. எப்படி உள்ளே போனோம், என்ன கேட்டோம், எதில் தவறினோம் என்று பக்கத்து ஊர்ப் பெண்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்றுதான் இது.

நான் ஓமலூருக்கும் தாரமங்கலத்துக்கும் நடுவில் இருக்கிற ஓர் ஊர்க்காரி. வீட்டில் இரண்டு விசைத்தறி. மகளிர் குழுக் கூட்டமைப்பில் கணக்கு எழுதினேன், அப்புறம் ஐந்து வருடம் வார்டு உறுப்பினர். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வழக்கில் இருந்த பையன்கள் இன்று பிள்ளை குட்டியோடு இருக்கிறார்கள். ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். நான் ஊர்ப் பக்கத்துக்காரி, கல் விழுந்தது காலனிப் பக்கம். வழக்கில் என் மகன் பெயரும் இருந்தது.

முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள்

சண்டை நடந்த அன்று ராத்திரியே தொடங்கிவிடுங்கள். குழுவில் சேமிப்பு எழுதுகிற நாற்பது பக்க நோட்டுப் போதும். யார் யாரை அடித்தார்கள் என்பதைப் போலீஸ் எழுதிக்கொள்ளும். நீங்கள் எழுத வேண்டியது, அன்றாடத்தில் எதெது நின்றுபோனது என்பதை. தேதி போட்டு, எண்ணிக்கையோடு.

என் நோட்டில் இருந்ததைச் சொல்கிறேன். காலனிக்குக் காவிரித் தண்ணீர் ஊர் முனைக் குழாயில்தான் வரும். நான்கு நாளாக அங்கே ஒரு குடமும் வரவில்லை. பால் சொசைட்டி ஊர் நடுவில் இருக்கிறது. காலனியில் பதினாறு வீட்டுப் பால் ஊற்றப்படவில்லை. ரேஷன் அரிசி வந்து ஒரு வாரம் ஆகியும் முப்பத்தொரு கார்டுக்கு வாங்க ஆள் வரவில்லை. குச்சிக்கிழங்கு பிடுங்குகிற சமயம் அது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்த ஒன்பது பெண்களுக்குக் கூலி பாக்கி. பள்ளிக்கூடத்தில் நாற்பத்திரண்டு பிள்ளைகளைக் காணோம். எங்கள் பக்கமும் முடங்கித்தான் கிடந்தது. பாவு பிணைக்க வருகிற இரண்டு பேரும் காலனிக்காரர்கள், அதனால் பதினோரு வீட்டுத் தறி ஓடவில்லை.

இவ்வளவும் ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்ததுதான். முதல் கூட்டத்துக்குப் போன இருபத்து நான்கு பேரில் ஒருவரும் இதில் ஒரு வரியைக்கூடச் சொல்லவில்லை. அவர்கள் பேசியது முதல் மரியாதை யாருக்கு, தேர் எந்தத் தெருவில் திரும்பும், அன்று யார் யாரை என்ன வார்த்தை சொன்னார்கள் என்பதையெல்லாம்தான். அது சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன்; பாதிக்கப்பட்ட பக்கத்துக்கு மரியாதைதான் பெரிய விஷயம். ஆனால் குழாயடியில் பயம் இருக்கிறவரை கோயில் வாசலில் அமைதி வராது. அந்தப் பயம் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பெண்களுக்குத்தான் தெரியும்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள கதை இல்லை. வட அயர்லாந்தில் 1996-ல் சமாதானப் பேச்சுக்கு யார் உட்காருவது என்று தீர்மானிக்கத் தேர்தலே வைத்தார்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் இரு பக்கத்துப் பெண்களும் சேர்ந்து சில வாரத்தில் ஒரு கட்சியைத் தொடங்கினார்கள். விழுந்த ஓட்டு நூற்றுக்கு ஒன்றுதான். அந்தத் தேர்தல் முறைப்படி அதற்கே மேசையில் இரண்டு இடம் கிடைத்தது. மோனிகா மெக்வில்லியம்ஸ், பேர்ல் சாகர் என்ற இரண்டு பெண்கள் போய் உட்கார்ந்தார்கள். 1998 ஏப்ரல் 10-ல் கையெழுத்தான உடன்படிக்கையில் பாதிக்கப்பட்டவர்களின் உரிமை, இரு மதப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளி, கலந்து குடியிருக்கும் வீடுகள் ஆகியவை இடம்பெற அந்தப் பெண்கள் கொடுத்த அழுத்தம் முக்கியக் காரணம். பள்ளிக்கூடமும் வீடும். எங்கள் நோட்டில் இருந்ததும் அதுதானே!

ஆண்கள் இல்லாத ராத்திரிகள்

கைதுக்குப் பயந்து ஆண்கள் தோட்டத்துக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் போய்விடுவார்கள். வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் வயசானவர்களும்தான் இருப்பார்கள். இரு பக்கமும் இதே கதைதான். அந்தச் சமயத்தில் கதவு தட்டப்பட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 43-ஆவது பிரிவுப்படி, சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் ஒரு பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்கவே முடியாத நிலை என்றால் பெண் போலீஸ் அதிகாரி எழுத்துமூலம் அறிக்கை கொடுத்து, மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவள் குடியிருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். இது 179-ஆவது பிரிவு. இந்த இரண்டு எண்ணையும் நோட்டின் அட்டையிலேயே எழுதிவையுங்கள். கதவுக்குப் பின்னால் நின்று நடுங்கும்போது ஞாபகம் வராது.

உங்கள் பக்கம் பாதிக்கப்பட்டிருந்தால் புகாரை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். புகாரை ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். வக்கீலுக்குக் காசில்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் வருடத்துச் சட்ட உதவிச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும், பெண் என்பதற்காகவே இலவச சட்ட உதவி உண்டு. சேலத்தில் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் கேளுங்கள், அல்லது 15100-க்கு போன் போடுங்கள். ராத்திரியில் அவசரம் என்றால் 181.

வாட்ஸ்அப் வதந்திக்கு ஒரு வழி செய்தோம். இரு பக்கத்திலும் ஐந்து ஐந்து பெண்களின் நம்பர். "அங்கே வெட்டிட்டாங்களாம்" என்று எது வந்தாலும், மகனிடமோ வீட்டுக்காரரிடமோ சொல்வதற்கு முன்னால் அந்த ஐந்தில் ஒரு நம்பருக்கு போன் போட்டுக் கேட்பது. ஒரு தடவை, காலனியில் ஒரு பையன் செத்துவிட்டான் என்று செய்தி பரவியது. கூப்பிட்டுக் கேட்டால் அவன் தாத்தா ஆஸ்பத்திரியில் வயசாகி இறந்திருக்கிறார். அன்று அந்த ஒரு போன் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் அடிவயிறு கலங்குகிறது.

அதிகாரியைப் பார்ப்பதற்கு முன்னால் எதிர்ப் பக்கத்துப் பெண்களைப் பாருங்கள்

எழுதிய எல்லாவற்றிலும் இதுதான் முக்கியம். வட்டாட்சியர் அலுவலகத்தில்தான் எதிர்ப் பக்கத்துப் பெண்களை முதன்முதலாகப் பார்க்கிறீர்கள் என்றால், பாதி தோற்றுவிட்டீர்கள். அங்கே எல்லாரும் தன் பக்கத்து ஆண்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் பேச வேண்டியிருக்கும்.

எங்களுக்கு நூறு நாள் வேலை உதவியது. ஏரிக்கரையில் மண் வெட்டும் இடத்தில் இரு பக்கத்துப் பெண்களும் ஒரே மஸ்டர் ரோலில்தான் இருந்தோம். சண்டைக்குப் பிறகு ஏழாம் நாள் வேலை மறுபடி தொடங்கியபோது, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருந்த வேலமரத்தடிக்குப் போனேன். என் வயசுக்காரி ஒருத்தி இருந்தாள். முப்பது வருடமாக என்னை "அம்மா" என்றுதான் கூப்பிடுவாள். எனக்கும் அது உறுத்தியதே இல்லை. அன்று அவள் என்னை எதுவும் கூப்பிடவில்லை. "உங்க பையன் எங்க வீட்டு ஓட்டை உடைச்சான்" என்றாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? "தெரியும். அதைப் பேசத்தான் வந்தேன்" என்றேன். அரைமணி நேரம் அவர்கள் பேசினார்கள், நான் கேட்டேன்.

முதல் சந்திப்பில் விளக்கம் சொல்லாதீர்கள். "உங்க பசங்களும்தானே" என்று தொடங்கவே தொடங்காதீர்கள். நான்கைந்து தடவை சந்தித்த பிறகு, அவர்கள் நோட்டையும் நம் நோட்டையும் சேர்த்துப் பொதுப் பட்டியல் ஒன்று போடலாம். இடம் முக்கியம்: அங்கன்வாடி, பள்ளித் தாழ்வாரம், வேலைத்தளம் என்று இரு பக்கமும் கூச்சமில்லாமல் வரக்கூடியதாக இருக்கட்டும். நம் வீட்டுத் திண்ணைக்கு அவர்களை வரச்சொல்வது எவ்வளவு கொடுமை என்று எனக்கே மூன்றாவது தடவைதான் புரிந்தது. உள்ளே கூப்பிடாத வீட்டின் திண்ணையில் உட்காருவது சமமாக உட்காருவது ஆகாது.

வேலைத்தளம் இல்லாத இடத்தில் மகளிர் குழு இருக்கிறது. 1989-ல் தருமபுரியில் தொடங்கி அடுத்ததாகச் சேலத்துக்கு வந்த திட்டம்தான் இன்றைய சுயஉதவிக் குழுக்களுக்கு வேர். நம் மாவட்டத்தில் அது ஊன்றி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் இரு தெருக் குழுக்களும் இருக்கும். அந்தக் கூட்டத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்திவிடாதீர்கள். தலைவர் பதவிக்காலம் முடிந்து ஊராட்சி தனி அலுவலர் கையில் இருக்கும் காலத்தில், ஊரில் மிச்சமிருக்கும் ஒரே பொதுக்கூடம் அதுவாகத்தான் இருக்கும்.

மனு

அமைதிப் பேச்சுவார்த்தையைப் பெரும்பாலும் வட்டாட்சியரோ கோட்டாட்சியரோ கூட்டுவார். யாரைக் கூப்பிடுவது என்பது அவர்கள் முடிவு. கிராம நிர்வாக அலுவலரும் ஸ்டேஷனும் கொடுக்கிற பட்டியலில் வழக்கமாகப் பெண் பெயர் இருக்காது. அதனால் கூட்டத்துக்குக் காத்திருக்காமல் நாமே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஓமலூர் பக்கம் என்றால் மேட்டூர் கோட்டாட்சியர். ஒரு நகலைத் திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்திலும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் எழுதியது கிட்டத்தட்ட இப்படி:

"மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, எங்கள் கிராமத்தில் நடந்த தகராறு தொடர்பாக நடைபெறவுள்ள அமைதிப் பேச்சுவார்த்தையில் இரு தரப்புப் பெண்களும் கலந்துகொள்ள வேண்டுகிறோம். தகராறினால் குடிநீர், ரேஷன், பால், பள்ளி, கூலி ஆகியவை பாதிக்கப்பட்ட விவரம் இணைப்பில் உள்ளது. இரு தரப்பிலும் அழைக்கப்படுவோரில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும் என்றும், கூட்டம் மாலை 4 மணிக்கு மேல் கிராமத்துப் பள்ளியிலேயே நடத்தப்பட வேண்டும் என்றும், தீர்மானம் கையெழுத்தாகும் முன் அனைவர் முன்னிலையிலும் வாசிக்கப்பட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம்."

கீழே இரு தெருப் பெண்களின் கையெழுத்தும் கலந்து இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் காலனி என்று இரண்டு பத்தியாகப் பிரித்துப் போடாதீர்கள். எங்கள் மனுவை வாங்கிய அதிகாரி அந்தக் கையெழுத்துகளைத்தான் இரண்டு தடவை பார்த்தார்.

"மூன்றில் ஒரு பங்கு எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்டால் சொல்ல உதாரணம் உண்டு. எனக்கு அது ஏற்காட்டில் நடந்த ஒரு பயிற்சியில் கிடைத்தது. நாகலூர் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண், தங்கள் ஊர்க்கூட்டத்தில் ஆண்கள் உட்கார்ந்து பேசும்போது பெண்கள் வெளியே நின்று கேட்பதுதான் வழக்கம் என்றார். அங்கே சொல்லிக்கொடுத்தவர், 2006-ஆம் வருட வன உரிமைச் சட்டத்தை எடுத்துக் காட்டினார். அந்தச் சட்டத்தின் விதிப்படி, வன உரிமைக்காகக் கூடும் கிராம சபைக்கு வந்திருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். வன உரிமைக் குழுவிலும் அதே அளவு. அந்தப் பெண் அதைத் தன் கையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டு போனார். அமைதிக் கூட்டத்துக்கு அந்த விதி நேராகப் பொருந்தாது. ஆனால் மலையில் நிலம் பற்றிப் பேசப் பெண்கள் இல்லாமல் முடியாது என்றால், அடிவாரத்தில் அமைதி பற்றிப் பேச மட்டும் முடியுமா என்று கேட்கலாம்.

அங்கேதான் ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றத்தின் 1325-ஆம் தீர்மானத்தைப் பற்றியும் கேள்விப்பட்டேன். 2000 அக்டோபர் 31-ல் ஒருமனதாக நிறைவேற்றியது. போரைத் தடுப்பதிலும் தீர்ப்பதிலும் முடிவெடுக்கும் எல்லா மட்டத்திலும் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. அது நாடுகளுக்கு எழுதியது; நம் ஊர்த் தகராறுக்கு அதை வைத்து வழக்குப் போட முடியாது. பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் 'சீடா' ஒப்பந்தத்துக்கு இந்தியா 1993 ஜூலை 9-ல் ஒப்புதல் கொடுத்திருக்கிறது, அதன் 7-ஆவது பிரிவு பொது வாழ்வில் சம பங்கு பற்றியது. வீட்டுக்கு நெருக்கமாக வேண்டுமென்றால், தமிழ்நாட்டு உள்ளாட்சியில் 2016 முதல் பாதி இடம் பெண்களுக்கு. பெண் தலைவரோ உறுப்பினரோ இருந்தால் அவரே வர வேண்டும், அவரே கையெழுத்துப் போட வேண்டும். அவர் சார்பில் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தால், எழுந்து கேளுங்கள். எனக்காக என் வீட்டுக்காரர் இரண்டு தடவை போயிருக்கிறார். நான் சும்மா இருந்தேன், அது என் தப்பு.

தனிக் குழு கொடுத்தால்

"பெண்களுக்குத் தனியாக ஒரு குழு போட்டுத் தருகிறோம், நீங்கள் அங்கே பேசுங்கள்" என்பார்கள். நல்ல மனசோடுதான் சொல்வார்கள். ஆனாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

குழுக் கணக்கு விஷயமாகத் தாரமங்கலம் பக்கத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமுக்குச் சில வருடம் போய்வந்தேன். அங்கே ஒரு பெரியம்மா, தன் நாட்டில் நடந்த பேச்சுவார்த்தைகளை வருட வாரியாகச் சொல்வார். 2002-ல் தொடங்கிய பேச்சில் பெண்கள் விவகாரத்துக்கென்று ஓர் உபகுழு அமைத்தார்கள். அரசாங்கப் பக்கம் பேராசிரியர் குமாரி ஜெயவர்தன தலைமையில் ஐந்து பெண்கள், புலிகள் பக்கம் தமிழினி தலைமையில் ஐந்து பெண்கள். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினார்கள். ஏப்ரலில் புலிகள் பேச்சுவார்த்தையிலிருந்து விலகினார்கள். பெரிய மேசை நின்றதும் இந்தச் சின்ன மேசையும் நின்றுபோனது. அந்தப் பத்துப் பேரும் எதைத் தொடங்கினார்களோ அதைத் தொடர இடமே இல்லாமல் போயிற்று. போர் 2009 மே மாதம் எப்படி முடிந்தது என்று எல்லாருக்கும் தெரியும். 2017 பிப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கிளிநொச்சி கந்தசாமி கோயில் அருகில் போராட்டத்துக்கு உட்கார்ந்தார்கள். அதைச் சொல்லும்போது அந்தப் பெரியம்மா குரல் உடைந்துவிடும். கையில் பிள்ளையின் போட்டோவோடு வருடக்கணக்காகத் தெருவில் உட்காருகிறவளுக்கு, முடிவு எடுத்த மேசையில் ஒரு நாற்காலி இருந்ததில்லை.

ஆகவே, முக்கியக் கூட்டத்திலேயே இடம் கேளுங்கள். நம் நோட்டுக் கூட்டம் அதுபாட்டுக்கு வெளியே நடக்கட்டும். அதை யாரும் கலைக்க முடியாது, யாரும் கொடுத்தது இல்லையே.

கடைசிவரை கூப்பிடாவிட்டால்? வாசலில் உட்காருங்கள். 2003-ல் லைபீரியாவின் போர்த் தரப்புகள் கானா நாட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, லேமா போவீ தலைமையில் வெள்ளை உடுத்திய பெண்கள் மண்டபத்தின் வாசலை மறித்து உட்கார்ந்து, முடிவு வராமல் யாரும் வெளியே போகக் கூடாது என்றார்கள். அந்த ஆகஸ்டில் உடன்படிக்கை கையெழுத்தானது. 2011-ல் அவருக்கு நோபல் பரிசு. ஆனால் அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆவது பிரிவின் கீழ், பழைய 144 தான் அது, தடை உத்தரவு இருக்கும்போது கூட்டமாக உட்கார்ந்தால் நம் மேலேயே வழக்கு வரும். உத்தரவில் எந்தத் தேதி, எந்த எல்லை என்று படித்துவிட்டுச் செய்யுங்கள்.

கூட்டத்துக்குள்

நாற்காலியில் உட்காருங்கள். கீழே பாய் விரித்திருக்கிறது, நீங்கள் அங்கே உட்காருங்கள் என்றால், எல்லாரும் கீழே உட்காரலாம் என்று சொல்லுங்கள். பெண்கள் ஒரு மூலையில் சேர்ந்து உட்காராமல், இரு தெருக்காரர்களும் மாறி மாறி உட்காருங்கள். டீ வந்தால் எடுத்துக் கொடுக்க எழுந்திருக்காதீர்கள். ஊரைச் சேர்ந்த ஒரு பெரியவர் என்னிடம், "ஏன் அம்மிணி, ஆம்பளைங்க பேசற இடத்துல உனக்கென்ன வேலை, டீயாச்சும் குடு" என்றார். பள்ளிக்கூட ஆயா கொண்டுவருவாங்க, உட்காருங்க மாமா என்றேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி டம்ளரா என்று முன்பே பார்த்துவைத்திருந்தோம். இதைச் சின்ன விஷயம் என்று விட்டால் கூட்டம் அங்கேயே கெட்டுவிடும்.

பேச்சைத் தண்ணீரில் தொடங்குங்கள். எண்ணிக்கையைச் சொல்லுங்கள். நாங்கள் படிக்காதவர்கள், தப்பாகச் சொன்னால் மன்னிக்கணும் என்று ஆரம்பிக்காதீர்கள். நாற்பத்திரண்டு பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை என்பதற்குப் படிப்புத் தேவையில்லை. எதிர்ப் பக்கத்துக் குறையை நாமும் நம் குறையை அவர்களும் சொல்வது என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளலாம். ஒன்பது பெண்களின் கூலி பாக்கியை நான் சொன்னேன், நின்றுபோன பதினோரு தறியை அந்த வேலமரத்தடிக்காரி சொன்னாள். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை வழக்கில் இருந்தால் அதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். நான் எழுந்ததும், "என் மகன் மூன்றாம் எதிரி. அவன் வழக்கைப் பற்றி நான் இங்கே ஒரு வார்த்தையும் கேட்க மாட்டேன்" என்றேன். என் பக்கத்து ஆண்களுக்கு அது பிடிக்கவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

எதை விட்டுக்கொடுக்கக் கூடாது

இந்த மாதிரிக் கூட்டங்களில் "கேஸை வாபஸ் வாங்கட்டும், மற்றதெல்லாம் செய்கிறோம்" என்ற பேச்சு கட்டாயம் வரும். அடிபட்ட வீட்டுப் பெண்ணிடம்தான் அதைச் சுற்றிச் சுற்றிச் சொல்வார்கள், நல்லவள் பெயர் கொடுத்து, ஊர் நன்மை என்று சொல்லி. பெண்கள் மேசைக்கு வருவது இதற்குப் பயன்படுமானால் வராமலே இருக்கலாம்.

பட்டியல் சாதி, பழங்குடி வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கு ஊர்க்கூட்டத்தில் கைகுலுக்கி முடித்துக்கொள்கிற வழக்கு இல்லை. அது நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு உரிமை தருகிறது. மிரட்டல், ஆசை காட்டல் இரண்டிலிருந்தும். பெண்ணின் உடம்பின் மேல் நடந்த குற்றத்தையோ, குழந்தை மேல் நடந்ததையோ எந்தச் சமாதானத்திலும் ஒரு வரியாகக்கூட வைக்காதீர்கள். கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011-ல், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே, தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அபராதம், ஊர்விலக்கு, காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கச் சொல்வது என்று பேச்சுப் போனால் எழுந்து வெளியே வாருங்கள். ஏன் வருகிறீர்கள் என்பதைக் குறிப்பில் எழுதச் சொல்லிவிட்டு வாருங்கள்.

என் மகன் நான்கு வருடம் சேலத்துக்கு வாய்தா வாய்தாவாகப் போய்வந்தான். இரண்டு வருடம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் காசை மேசைமேல் வைப்பேன், எடுத்துக்கொண்டு போவான். அவன் உடைத்த ஓட்டுக்கு நான் என்ன விலை சொல்லி அந்த அம்மாளை வழக்கை விடச் சொல்வது? இன்றைக்கும் எனக்குப் பதில் அதேதான்.

தாள்

தீர்மானத்தில் "நல்லிணக்கத்தோடு இருப்போம்" என்ற வரி இருந்தால் இருக்கட்டும். அதன் கீழே வேலை, தேதி, ஆள் இந்த மூன்றும் வர வேண்டும். காலனிக்குத் தனிக் குழாய், எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு. கூலி பாக்கி எந்தக் கிழமைக்குள். பிள்ளைகளை முதல் வாரம் பள்ளிக்கு அழைத்துப்போக இரு தெருவிலிருந்தும் யார் யார். கோயிலில் யார் எந்த நாள் பொங்கல் வைப்பது; வாசல் எல்லாருக்கும் ஒரே வாசல்தான் என்பதை இதில் தனி வரியாக எழுதச் சொன்னோம். அதற்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆனது. கைநாட்டு வைப்பவர்களுக்காக முழுதும் வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. நகல் கையோடு. தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

கிராம சபையில் அதை வாசிக்க வையுங்கள். வருடத்தில் ஆறு நாள் இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒவ்வொன்றிலும் எது முடிந்தது, எது பாக்கி என்று கேளுங்கள். தனிக் குழாய் எங்களுக்கு மூன்றாவது கிராம சபையில்தான் வந்தது.

அப்புறம், அடுத்த பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே இரு பக்கத்துப் பெண்களும் கூடிவிட வேண்டும். கம்பம் நட்ட பிறகு கூடினால் நேரம் போதாது. நாங்கள் தை முடிந்ததும் கூடுகிறோம். இந்த வருடம் இருபத்து நான்கு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், பள்ளியில் இருப்பது பதினாறு நாற்காலி. மீதி எட்டுக்குப் பந்தல்காரரிடம் சொல்லியாகிவிட்டது.